மொரீஷியஸ் சர்க்கரைக்கு யார் விலை வைத்தார்கள்?

கேள்வி இதுதான்: மொரீஷியஸுக்கும் பிரிட்டனுக்கும் இடையே என்னென்ன சரக்கு போய்வருகிறது, அதில் சர்க்கரை இன்னும் முக்கியமா, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் மொரீஷியஸுக்கு லாபமா நஷ்டமா?

முதலில் நேரடியான பதில். மொரீஷியஸிலிருந்து பிரிட்டனுக்குப் பெரும்பாலும் ஆயத்த ஆடையும், டின்னில் அடைத்த சூரை மீனும், சர்க்கரையும் போகின்றன. பிரிட்டனிலிருந்து கார், இயந்திரம், ரசாயனம், மருந்து, விஸ்கி என்று பல சில்லறை இனங்கள் வருகின்றன. மொரீஷியஸின் இறக்குமதியில் சீனா, இந்தியா, தென்னாப்பிரிக்கா, பிரான்ஸ் போன்றவற்றுக்குப் பின்னால்தான் பிரிட்டன் நிற்கிறது. ஆனால் மொரீஷியஸின் சொந்தத் தயாரிப்புகளை வாங்குகிற நாடுகளில் அது இன்றும் முன்வரிசையில் இருக்கிறது. வெளியேற்றத்தால் உடனடி நஷ்டம் எதுவும் இல்லை. மெதுவாக அரிக்கிற நஷ்டம் ஒன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும். ஏனென்றால் இந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே உண்மையில் கைமாறி வந்த பொருள் வரிச்சலுகைதான் என்பது என் கருத்து. சர்க்கரை அதன்மேல் ஏறிப் பயணம் செய்தது.

கரும்பை 1639இல் ஜாவாவிலிருந்து டச்சுக்காரர்கள் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆலை வைத்தார்கள். 1810இல் பிரிட்டன் தீவைப் பிடித்தது. ஆனாலும் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கு லண்டனில் இருந்த குறைந்த வரி மொரீஷியஸுக்குக் கிடைக்கவில்லை. 1825இல் அந்த வேறுபாட்டை எடுத்தார்கள். அப்போது தீவின் உற்பத்தி ஏறத்தாழ பத்தாயிரம் டன். 1850களின் நடுவில் அது ஒரு லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. மண் மாறவில்லை, மழை மாறவில்லை. லண்டனில் ஒரு வரி விகிதம் மாறியது, அவ்வளவுதான்.

அந்தப் பத்து மடங்கு கரும்பை யார் வெட்டினார்கள்? 1835இல் அடிமை முறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகளுக்கு இழப்பீடாகச் சுமார் 20 லட்சம் பவுண்டு போனது, விடுதலையானவர்களுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே, 1834இல், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவரத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்கள் வழியாக நாலரை லட்சம் பேர் வரை வந்திறங்கினார்கள். போர்ட் லூயியில் அவர்கள் ஏறிவந்த படிக்கட்டு ஆப்ரவாசி காட் என்ற பெயரில் இன்று யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சென்னை வழியாக வந்தவர்களில் தமிழர்கள் நிறைய. அதற்கும் முன்பே, பிரெஞ்சுக் காலத்தில், புதுச்சேரியிலிருந்து போன கொத்தனார்களும் கைவினைஞர்களும் அங்கே இருந்தார்கள். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதையும் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை இருப்பதையும் நம்மவர்கள் பெருமையாகப் பகிர்வார்கள். பெருமைதான், சரி. அந்தத் தீவின் கரும்புக் காடுகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு மேலே கருங்கல் குவியல்கள் நிற்கின்றன. எரிமலை மண்ணிலிருந்து கல்லைக் கையால் பொறுக்கிக் குவித்தால்தான் கரும்பு நட முடியும். பொறுக்கிய கைகளில் நம்முடையவையும் உண்டு. லண்டன் தேநீர்க் கோப்பையில் விழுந்த சர்க்கரையின் அடக்கவிலையில் அந்தக் கூலி எவ்வளவு குறைவாக இருந்தது என்பதையும் சேர்த்தே இந்த வணிகத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் உணவு அமைச்சகம் காலனிகளின் சர்க்கரையை மொத்தமாக வாங்கியது. அதன் தொடர்ச்சியாக 1951இல் காமன்வெல்த் சர்க்கரை ஒப்பந்தம் வந்தது: குறிப்பிட்ட அளவை, பேசி முடித்த விலைக்கு பிரிட்டன் எடுத்துக்கொள்ளும். உலகச் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் கரும்பு போட்டவருக்கு ஒரு நிச்சயம். மொரீஷியஸ் புயல் தீவு. 1960இல் அடித்த கரோல் புயலில் அந்த வருட விளைச்சல் பாதிக்கும் கீழே போனது. அப்படிப்பட்ட ஊருக்கு நிச்சயமான விலை என்பது பெரிய விஷயம்.

இங்கே ஒரு கிளைக்கதை. 1965இல் சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரீஷியஸிலிருந்து பிரித்தெடுக்க பிரிட்டன் பேச்சு நடத்தியது. தியாகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக. அப்போது மொரீஷியஸ் அமைச்சர்கள் பதிலுக்குக் கேட்டவற்றில் ஒன்று, அமெரிக்கச் சந்தையில் சர்க்கரைக்குக் கூடுதல் கோட்டா. அது கிடைக்கவில்லை. முப்பது லட்சம் பவுண்டு இழப்பீடு என்று முடிந்தது. நிலத்தை இழக்கும் நேரத்தில்கூட கோட்டாவைத்தான் கேட்கத் தோன்றியது என்றால், அந்த நாட்டின் உயிர் எங்கே இருந்தது என்று புரியும்.

1968 மார்ச் 12இல் விடுதலை. 1973இல் பிரிட்டன், இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்தது. பீட்ரூட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கிற பிரெஞ்சு, ஜெர்மன் விவசாயிகளின் கோட்டைக்குள் பிரிட்டன் நுழைந்துவிட்டது. இனி காலனிக் கரும்புக்கு என்ன கதி? அந்தப் பேச்சுவார்த்தையின் முடிவுதான், ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகளோடு ஐரோப்பா 1975 பிப்ரவரியில் கையெழுத்திட்ட லோமே ஒப்பந்தமும், குறிப்பிட்ட அளவு கரும்புச் சர்க்கரையை உத்தரவாத விலைக்கு எடுத்துக்கொள்வதாக அதனுடன் இணைந்த சர்க்கரை நெறிமுறையும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பேச்சு நடந்த 1974 இறுதியில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை விண்ணில் இருந்தது. நவம்பரில் ஒரு பவுண்டு எடைக்கு 60 அமெரிக்க சென்டைத் தாண்டியது. ஐரோப்பா தருவதாகச் சொன்ன உத்தரவாத விலை அதற்குக் கீழே. அந்த நேரத்தில் 'எங்களுக்கு எதற்கு நீண்டகால ஒப்பந்தம், வெளியே விற்றால் கூடக் கிடைக்குமே' என்று நினைப்பது இயல்பு. பிரதமர் சிவசாகர் ராம்கூலம் தலைமையிலான மொரீஷியஸ் அப்படி நினைக்கவில்லை. எவ்வளவு பெரிய கோட்டா கிடைக்குமோ அவ்வளவையும் கேட்டு வாங்கிக்கொண்டது: வருடத்துக்கு 4,91,030 டன். நெறிமுறையில் இருந்த எல்லா நாடுகளின் மொத்தம் சுமார் 13 லட்சம் டன். அதில் ஏறத்தாழ 38 சதவீதம் இந்த ஒரு சிறு தீவுக்கு.

சில வருடங்களில் உலக விலை தரைக்கு வந்துவிட்டது. ஐரோப்பிய விலை அப்படியே உயரத்தில் நின்றது. அடுத்த முப்பது வருடத்தில் பல ஆண்டுகள் உலக விலையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு மொரீஷியஸ் சர்க்கரை விற்றது. பெரும்பகுதி சுத்திகரிக்காத பழுப்புச் சர்க்கரையாகவே கப்பலில் குவித்துப் போய், லண்டனில் தேம்ஸ் கரையில் சில்வர்டவுனில் உள்ள டேட் அண்ட் லைல் ஆலையில் வெளுக்கப்பட்டது. தீவில் கரும்பு, அங்கே சுத்திகரிப்பு. லாபத்தின் எந்தப் பாதி எங்கே தங்கியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கூடுதல் விலைப் பணம்தான் மொரீஷியஸின் இலவசக் கல்விக்கும் மருத்துவத்துக்கும், ஆடைத் தொழிலில் போட்ட முதலுக்கும், ஹோட்டல்களுக்கும் அடித்தளம். 1974இல் எடுத்த அந்த ஒரு முடிவை, சிறு நாடு ஒன்று செய்த மிகச் சிறந்த வணிகப் பேரங்களில் ஒன்றாக நான் வைப்பேன்.

அது உடைந்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஐரோப்பா தன் சர்க்கரையை மானியம் கொடுத்து வெளியே தள்ளுகிறது என்று பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து மூன்றும் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டன. மொரீஷியஸ் போன்ற நாடுகளிடம் வாங்கிய அளவுக்குச் சமமான சர்க்கரையை ஐரோப்பா மானியத்துடன் மறு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. அதுவும் வழக்கில் சேர்ந்தது. 2005இல் மேல்முறையீட்டிலும் ஐரோப்பா தோற்றது. 2006இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் விலை படிப்படியாக 36 சதவீதம் வெட்டப்பட்டது. பழுப்புச் சர்க்கரை டன்னுக்கு 523.7 யூரோவிலிருந்து 335.2 யூரோவுக்கு வந்தது. 2009 செப்டம்பரோடு சர்க்கரை நெறிமுறையே முடிந்தது. 2017 அக்டோபரில் ஐரோப்பாவுக்குள் பீட்ரூட் உற்பத்திக்கு இருந்த கோட்டாவும் நீங்கியது. வழக்கில் மொரீஷியஸ் பிரதிவாதி அல்ல. தண்டனை மட்டும் அதற்கும் வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

தீவு என்ன செய்தது? ஆலைகளை ஒன்று சேர்த்தது. 2001இல் பதினான்கு ஆலைகள் இருந்தன, இப்போது மூன்று. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பணமும் சிறு மனையும் பெற்றுக்கொண்டு விருப்ப ஓய்வில் போனார்கள். கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுப்பது பெரிதானது. தீவிலேயே சுத்திகரிப்பு ஆலை போட்டு வெள்ளைச் சர்க்கரையாக அனுப்பத் தொடங்கினார்கள். அதற்குக் கூட்டாளி லண்டன் அல்ல, ஜெர்மனியின் சூட்சுக்கர் என்ற சர்க்கரை நிறுவனம். எல்லாச் சர்க்கரையையும் சேர்த்து விற்பது 1919இல் தொடங்கிய மொரீஷியஸ் சர்க்கரை சிண்டிகேட். தனித்தனி விவசாயிக்கு ஐரோப்பாவில் பேரம் பேசும் பலம் இராது. சிண்டிகேட் இருந்ததால்தான் வாங்குபவரை மாற்ற முடிந்தது.

உற்பத்தி மட்டும் மீளவில்லை. 1973இல் 7,18,000 டன் என்ற உச்சம். 2022, 2023 ஆண்டுகளில் இரண்டரை லட்சம் டன்னுக்கும் கீழே. இளைஞர்கள் வயலுக்குப் போவதில்லை, சிறு விவசாயிகள் நிலத்தை அப்படியே போட்டுவிடுகிறார்கள், மனை விலை ஏறுகிறது. நம் ஊர்க் கதைதான்.

அப்படியானால் பிரிட்டனுக்கு இன்று போகிற சர்க்கரை எது? இங்கேதான் மொரீஷியஸின் கெட்டிக்காரத்தனம். பிரிட்டிஷ் கடைகளில் கேக், பிஸ்கட் செய்பவர்கள் தேடி வாங்குகிற மஸ்கவாடோ, டெமராரா வகைகள். இருண்ட மஸ்கவாடோ பொட்டலத்தைப் பிரித்தால், ஈர மணல் போல ஒட்டும், விரலில் பிசுபிசுக்கும், கழிவுப்பாகு மணம் மூக்கில் ஏறும். நம் நாட்டுச் சர்க்கரைக்குத் தூரத்துச் சொந்தம் போலத் தோன்றும், செய்முறை வேறாக இருந்தாலும். வெள்ளையாக்கும்போது கழுவித் தள்ளுகிற பாகை இதில் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். இருபதுக்கும் குறையாத தர வேறுபாடுகளை விற்கிற அளவுக்கு இந்த வகையைத் தீவு வளர்த்திருக்கிறது. சிறு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் ஃபேர்டிரேட் (நியாய வணிக) சான்று வாங்கியிருப்பதால் டன்னுக்கு ஒரு கூடுதல் தொகை சங்கத்துக்கு வருகிறது. அளவில் சிறியது, ஆனால் விலையில் சாதாரணப் பழுப்புச் சர்க்கரை கிட்டே வர முடியாது.

இனி துணி. நான் பின்னலாடை ஏற்றுமதி ஆவணங்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன், அதனால் இந்தப் பகுதி எனக்கு நெருக்கம். 1970இல் மொரீஷியஸ் ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் ஹாங்காங் துணிக்குப் பணக்கார நாடுகளில் கோட்டா கட்டுப்பாடு இருந்தது. லோமே ஒப்பந்தத்தால் மொரீஷியஸ் துணிக்கு ஐரோப்பாவில் வரியும் இல்லை, கோட்டாவும் இல்லை. ஹாங்காங் முதலாளிகள் இயந்திரத்தோடு தீவுக்கு வந்து ஸ்வெட்டர் பின்னத் தொடங்கிவிட்டார்கள். ஏன் குறிப்பாக ஸ்வெட்டர்? ஒரு சரக்கை எந்த நாட்டுத் தயாரிப்பாகக் கணக்கிடுவது என்று சொல்வது மூலவிதி. ஐரோப்பாவின் மூலவிதி இரண்டு கட்ட வேலையைக் கேட்டது. துணியை வாங்கி வெட்டித் தைத்தால் மட்டும் போதாது, நூலிலிருந்தே தொடங்க வேண்டும். நெசவு ஆலை போடப் பெரிய முதல் வேண்டும். ஆனால் ஸ்வெட்டரைக் கம்பளி நூலிலிருந்து நேராகவே பின்னிவிடலாம். விதி நிறைவேறியது, வரி பூஜ்யம். கம்பளிக்காக ஆடு வளர்க்காத வெப்பத்தீவு ஒன்று கம்பளிப் பின்னலாடை ஏற்றுமதியில் உலகின் முன்வரிசைக்கு வந்தது இப்படித்தான். ஒரு காலத்தில் திருப்பூரில், வளரும் நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் தரும் ஜி.எஸ்.பி. வரிச்சலுகைக்குப் படிவம் ஏ என்ற மூலச் சான்றிதழை வாங்க அலைந்தவர்களுக்கு, மூலவிதியின் ஒரு வரி எத்தனை ஆலையைத் திறக்கும், எத்தனையை மூடும் என்று விளக்க வேண்டியதில்லை.

2005 ஜனவரி 1இல் உலகக் கோட்டா முறை ஒழிந்ததும் ஹாங்காங் முதலில் கிளம்பியது. உள்ளூர் நிறுவனங்கள் நின்றன. சட்டை, டி‑சர்ட், டெனிம் என்று மாறின, மடகாஸ்கரிலும் வங்கதேசத்திலும் கிளை போட்டன. இன்று மொரீஷியஸ் ஆலைகளில் தையல் இயந்திரத்தின் முன்னால் வங்கதேசத்து, இந்திய, மடகாஸ்கர் தொழிலாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தின் பேரில் கடல் கடந்து வந்தவர்கள், மறுபடியும். அவர்களின் தங்குமிடமும் கூலியும் எப்படி இருக்கின்றன என்று கேட்பது, அந்தப் படிக்கட்டில் ஏறிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் நாட்டுக்கு இருக்கிற தனிக் கடமை என்று நினைக்கிறேன்.

சூரை மீனிலும் இதே விதி விளையாட்டு. போர்ட் லூயி அருகே ஆலைகளில் மீனை வேகவைத்து, முள் நீக்கி, டின்னில் அடைக்கிறார்கள். பிரிட்டிஷ் கடைகளில் பிரின்சஸ் பெயரில் பார்க்கும் டின்களில் பல அங்கிருந்து போனவை. டின் மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் சாதாரண வரி 24 சதவீதம். அது பூஜ்யமாக வேண்டுமானால் மீனைப் பிடித்த கப்பல் எந்த நாட்டுக் கப்பல் என்று பார்ப்பார்கள். இந்தியப் பெருங்கடலில் வலை போடுகிற பெரிய கப்பல்களில் ஸ்பெயின், பிரான்ஸ் கப்பல்கள் நிறைய. ஆக, மொரீஷியஸ் டின்னுக்கு வரி விலக்கு கிடைக்கப் பெரும்பாலும் ஐரோப்பியக் கப்பலின் மீன் வேண்டும். விதி யாருக்கு உதவ எழுதப்பட்டது என்று இதிலிருந்தே தெரியும்.

பட்டியலில் இன்னொரு இனம் உண்டு: ஆய்வுக்கூடங்களுக்கு உயிரோடு அனுப்பப்படும் நீள்வால் குரங்குகள். வாங்குகிற நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. சொல்லாமல் விட்டால் பதில் முழுதாகாது. எனக்கு அந்த வரவுப் பணம் உவப்பானதல்ல.

இப்போது பிரிட்டனின் வெளியேற்றத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்துடன் மொரீஷியஸுக்கு 2012 முதல் நடைமுறையில் இருந்த பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தத்தை, பிரிட்டன் கிட்டத்தட்ட அப்படியே நகல் எடுத்தது. 2019 ஜனவரி 31இல் மொரீஷியஸ், செஷல்ஸ், ஜிம்பாப்வே மூன்றும் லண்டனில் கையெழுத்திட்டன. 2021 ஜனவரி 1 முதல் அது வேலை செய்கிறது. மொரீஷியஸ் சரக்கு பிரிட்டனுக்குள் வரியும் கோட்டாவும் இல்லாமல் நுழைகிறது. பதிலுக்கு பிரிட்டிஷ் சரக்கில் பெரும்பாலானவற்றுக்கு மொரீஷியஸும் வரியை எடுத்துவிட்டது. ஐரோப்பியக் கப்பல் மீன், ஐரோப்பியத் துணி ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் சூரை மீன் ஆலைகள் மறுநாளே திணறியிருக்கும். ஆக, காகிதத்தில் ஒன்றும் மாறவில்லை.

மாறியது பக்கத்து வரிசை. சலுகையின் மதிப்பு, அது அடுத்தவருக்கு இல்லாத வரைதான். ஐரோப்பாவில் வெள்ளைச் சர்க்கரைக்குச் சாதாரண வரி டன்னுக்கு 419 யூரோ. அவ்வளவு உயரமான சுவர் இருக்கும்போது கதவுச் சாவி வைத்திருப்பவருக்கு மரியாதை. பிரிட்டன் தனியாக நின்றதும் அந்தச் சுவரில் ஓட்டை போடத் தொடங்கியது. 2021 முதல் எந்த நாட்டிலிருந்தும் 2,60,000 டன் பழுப்புக் கரும்புச் சர்க்கரை வரியின்றி வரலாம் என்று அறிவித்தது. பிரேசிலுக்கு இது போதும். 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் முதலில் 80,000 டன், பிறகு வருடா வருடம் ஏறி 2,20,000 டன். லண்டன் சுத்திகரிப்பு ஆலைக்கு மலிவான சரக்கு வேண்டும், பிரிட்டிஷ் அரசுக்குப் புதிய ஒப்பந்தங்கள் வேண்டும். இரண்டு கணக்கிலும் மொரீஷியஸ் இல்லை.

துணியிலும் இதேதான். ஐந்து பவுண்டு மதிப்புள்ள சட்டைக்கு பிரிட்டனில் சாதாரண வரி 12 சதவீதம், அதாவது 60 பென்ஸ். இந்தியச் சட்டைக்கு 2025 நிலவரப்படி கொஞ்சம் தள்ளுபடியோடு 9.6 சதவீதம், 48 பென்ஸ். மொரீஷியஸுக்குப் பூஜ்யம். அந்த 48 பென்ஸ்தான் மொரீஷியஸ் தன் கூடுதல் கூலியைச் சமாளிக்கிற இடம். 2025 ஜூலை 24இல் இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது நடைமுறைக்கு வந்ததும் ஆடைக்கு வரி பூஜ்யம். திருப்பூரில் அது நியாயமான கொண்டாட்டம். அதே செய்தி போர்ட் லூயியில் வேறு மாதிரி வாசிக்கப்பட்டிருக்கும். நூலும் துணியும் இந்தியாவிலிருந்து வாங்கித் தைக்கிற ஆலைக்கு, நூல் விற்பவரே சட்டையையும் அதே வரிக்கு விற்கத் தொடங்கினால் என்ன மிஞ்சும்? சிறிய ஆர்டர், விரைவான டெலிவரி, உயர்ந்த தரம் என்கிற வழிதான். மஸ்கவாடோவில் சர்க்கரைத் தொழில் கண்டுபிடித்த அதே வழி.

புள்ளிவிவரம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு நாட்டுக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாது. மொரீஷியஸ் ஏற்றுமதியைத் துறைமுக விலையில் எழுதும். பிரிட்டன் இறக்குமதியை கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து எழுதும். போர்ட் லூயியில் சுங்க வரி இல்லாத சுதந்திரத் துறைமுகம் வழியாக வந்து மறுபடி கிளம்புகிற சரக்கை மொரீஷியஸ் மறு ஏற்றுமதி என்று தனியாக வைக்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மொத்தத் தொகையை எடுத்து 'வணிகம் ஏறிவிட்டது' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைப் பார்ப்பதில்லை. சர்க்கரைக்குரிய சுங்கத் தலைப்பு 1701. அதில் எடையையும் மதிப்பையும் தனித்தனியாக எடுத்து வகுத்து, டன் விலையை பிரேசில் சரக்கின் டன் விலையோடு வருடவாரியாக வைத்துப் பாருங்கள். அந்த இடைவெளி விரிகிறதா சுருங்குகிறதா என்பதில்தான் உங்கள் லாப நஷ்டக் கேள்விக்கான விடை வருடந்தோறும் பதிவாகிறது.